வாலுக்கு அஞ்சு வோல்ட்

கிட்ட வராதீங்க!

அட, வாங்க வாங்க, சும்மா சொன்னனுங்க. இன்னும் விசிறியே சுத்தலை, அதுக்குள்ள என்னங்க பயம்? நீங்கதான காது குத்தற பாப்பாவோட மாமன்? பட்டு வேட்டியப் பாத்தாலே தெரியுதே. உங்க மச்சான் நேத்தே சொல்லிப்போட்டாரு. பெங்களூர்ல இருந்து மச்சினன் வர்றாப்ல, அவர் மடியில வெச்சுத்தான் காது குத்தறோம், அவர் மண்டபத்துக்கு முன்னால வெட்டவெளியில போட்ட மணையில உக்காந்ததும் மேல இருந்து ரோசாப்பூக் கொட்டணும், ஊரே அண்ணாந்து பாக்கணும்னாரு. பாக்கட்டும். அதுக்குத்தான வந்திருக்கறோம். அந்தக் கல்லு மேல உக்காருங்க. ஆசாரி இன்னும் வந்து சேரலையாமா, சித்த நேரம் இருக்குது.

என்ர பேரு சென்னியப்பனுங்க. முன்னாடி மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துல கெணத்து மோட்டார் எது எரிஞ்சாலும் என்ர கடைக்குத்தான் வரும். இப்ப இதுதான் சோலி. பூ தூவற ஹெலிகாப்டர். ட்ரோன் இல்லீங்க, ட்ரோனுன்னு சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வந்துரும். ட்ரோன் இன்னைக்குப் போட்டோக்காரன் ஒவ்வொருத்தன் பையிலயும் கெடக்குது. இது ஹெலிகாப்டர். மேல பெரிய விசிறி, பின்னால வால், வாலுல சின்ன விசிறி. நெசமான ஹெலிகாப்டர் மாதிரியே எல்லாம். இந்த ரெக்கை ஒண்ணைத் தொட்டுப் பாருங்க. கார்பனுங்க. வாழைத்தண்டை வெட்டற மாதிரி வெட்டிப்போடும். நல்லாப் பாத்துக்கங்க.

இதுங்களா? என்ர மக, சம்யுக்தா. மாமாவுக்கு வணக்கம் சொல்லு சாமி. பாருங்க, வெக்கத்தை. ரெண்டாவது படிக்கறா. இன்னைக்கு ஒரு நாள் எங்கூட இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தனுங்க. அவங்கம்மாளுக்குத் தெரியாது. டியூசன் வாசல்ல நின்னுட்டு இருந்தேன், அப்பான்னு ஓடியாந்துட்டா. என்ர புள்ளையக் கூட்டிட்டு வர நான் யாருகிட்டக் கேக்கோணும், சொல்லுங்க? சாயங்காலம் கொண்டுபோய் விட்டுருவேன். அதுக்குள்ள அப்பன் எப்பிடிப் பறக்க விடறான்னு ஒருக்கா கண்ணால பாத்துக்கட்டும். பாத்துட்டுப் போய் அவங்கம்மாகிட்டச் சொல்லட்டும். எனக்கு அது போதும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க.

என்ன கேட்டீங்க?

ஓ. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வெயில்ல நடந்து வந்தீங்களா. மூலனூர்ப் பக்கம் நடந்தது உங்க காதுக்கும் வந்துருச்சா. பெங்களூர் வரைக்கும் போயிருச்சு பாருங்க. யாரு சொன்னது? சரி, யாரு சொன்னா என்ன. எல்லாரும் ஒரு பக்கத்தைத்தான் சொல்லுவாங்க. என்ர பக்கத்தைக் கேக்க ஒருத்தரும் இல்லை. நீங்க கேளுங்க. படிச்சவரு, கேட்டா உங்களுக்கே நாயம் தெரியும்.

என்ர ஊட்டுக்காரியோட தம்பி, நந்தகோபால். மொபைல் ரிப்பேர்க் கடை வெச்சிருந்தான். இந்த மிசினை ஒரு மில்லுக்காரர் மகன்கிட்ட இருந்து நான்தான் வாங்கியாந்தேன். அவர் வெளிநாட்டுக்குப் போறாப்ல, சும்மா கெடக்குதுன்னு குடுத்துட்டாரு. வாங்கினது நான், யோசனை என்ர யோசனை. பறக்க விட்டது நந்து. கை அப்பிடிங்க அவனுக்கு. பொய் சொல்லக் கூடாது. கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணு தலைக்கு மேல அப்பிடியே அசையாம நிறுத்துவான். பொண்ணு கண்ணை மூடும், பூ விழுகும், சனம் கை தட்டும். தையில இருந்து மாசி வரைக்கும் ஒரு முகூர்த்தம் விடலை நாங்க. எங்களை மாதிரி மச்சான் மச்சினன் உண்டான்னு பாத்தவங்க எல்லாம் சொன்னாங்க. சொன்ன வாய் சும்மா இருக்குமா? கண்ணு பட்டுப்போச்சு. நான் அதைத்தான் சொல்லுவேன், கடைசி வரைக்கும்.

இங்க பாருங்க. வாலுக்குப் பக்கத்துல ஒரு கருப்புப் பெட்டி, தீப்பெட்டி அளவுக்கு. அதுக்குள்ள ஒரு குட்டி மோட்டாரு. சர்வோன்னு பேரு. வாலுல இருக்கற சின்ன விசிறியை இப்பிடியும் அப்பிடியும் திருப்பிக் குடுக்கறது அதுதான். அது புடிச்சிட்டு இருக்கற வரைக்கும் மூக்கு நேரா நிக்கும். அது கையை விட்டுருச்சுன்னா மொத்த மிசினும் பம்பரமாச் சுத்தும், யாராலயும் நிறுத்த முடியாது. அவ்வளவு முக்கியமான ஆளு அது. அந்த முக்கியமான ஆளுக்கு இந்த நந்து என்ன பண்ணி வெச்சிருந்தான்னு கேளுங்க.

பேட்டரியில இருந்து வர்றது எட்டு வோல்ட்டுக்கு மேல. முன்னாடி இருக்கற மூணு சர்வோவும் அதை அப்பிடியே வாங்கிட்டுச் சௌக்கியமா வேலை செய்யுது. வாலுக்கு மட்டும் நடுவுல ஒரு குட்டி ரெகுலேட்டரைக் கட்டி, அஞ்சு வோல்ட்டாக் குறைச்சு அனுப்பறான். கேட்டா, இது பழைய மாடல், அஞ்சுக்கு மேல தாங்காது, மேல எழுதியிருக்குதுன்னு சொல்றான். ஏனுங், ஒரே பந்தியில உக்காந்த நாலு பேருல மூணு பேருக்குக் கறிச்சோறு, ஒருத்தனுக்கு மட்டும் கஞ்சியா? அதுவும் இருக்கறதுலயே கஷ்டமான சோலி பாக்கறவனுக்கு? நான் கேட்டனுங்க, மூஞ்சிக்கு நேரா. அவன் சிரிச்சுப்போட்டு, "மச்சான், அது கஞ்சி குடிச்சாத்தான் உசுரோட இருக்கும்"னான்.

எனக்குப் பாடம் எடுக்கறானுங்க. எனக்கு! இருவது வருசமா மோட்டாரைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினவன் நான். இந்தப் பக்கம் மோட்டாரு எதனால எரியுதுன்னு எந்தக் காட்டுக்காரரை வேணாக் கேளுங்க. வோல்டேஜ் பத்தாமத்தான் எரியும். ராத்திரி கரண்டு மங்கலா வரும், மோட்டாரு மூச்சு முட்டி உறுமும், சுத்த முடியாமச் சூடாகும், காலையில பாத்தா காயில் கரி. கரண்டு அதிகமாகி எரிஞ்ச மோட்டாரு நூத்துல ஒண்ணு வருமா? அதுவே அதிசயம். கம்மியாக் குடுத்தாத்தான் சாவும். இது என்ர அனுபவம். அவன் ஏதோ சீட்டுல எழுதியிருக்கறதைப் படிச்சுப்போட்டுப் பேசறான்.

அப்பறம் ஒரு நாள் காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணம். காத்து. வாலு இப்பிடி லேசா அலையுது. நந்து சமாளிச்சுட்டான், ஆனா எனக்குப் பாத்துட்டு இருக்க முடியலை. சத்தில்லாம அலையுதே, பாவம்னு தோணுச்சு. ஊட்டுக்கு வந்ததும் அவன் சாப்பிடப் போன நேரத்துல ரெகுலேட்டரைக் கழட்டிப்போட்டு ஒயரை நேராக் குடுத்துட்டேன். கெட்ட எண்ணத்துலயா பண்ணினேன்? நல்லதுக்குத்தானுங்க.

அடுத்த முகூர்த்தத்துல பாக்கோணுமே! வாலு சும்மா வெடுக் வெடுக்குன்னு திரும்புது. நந்துவே அசந்து போய், "இன்னைக்கு என்ன மச்சான், வாலு இப்பிடிப் புடிக்குது?"ன்னான். நான் மீசையத் தடவிக்கிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? என்ர கல்யாணத்துல கூட அப்பிடிச் சந்தோசப்பட்டதில்லை. ரெண்டு மூணு விசேசம் அதே மாதிரி. அதுக்கப்பறம் வெள்ளகோயில் பக்கம், பூவைக் கொட்டிட்டுத் திரும்பி வர்றப்போ, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, அப்பிடியே சுத்திட்டே போய் மக்காச்சோளக் காட்டுக்குள்ள விழுந்துருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. சோளத்தட்டுதான் வட்டமா வெட்டிப் போட்டாப்ல கெடந்துச்சு.

நந்து சர்வோவைப் பிரிச்சான். பிரிச்சதும் வாசம் வந்துச்சுங்க. காயில் கருகின வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியாதா? அந்த வாசத்துலயே உக்காந்து சோறு தின்னவன் நான். அவன் என்னைய நிமிந்து பாத்து, ரெகுலேட்டர் எங்கன்னு கேட்டான். கழட்டினேன்னு சொன்னேன். எனக்கென்ன பயம்? "அதுதான் மச்சான் எரிஞ்சிருக்குது"ன்னான். நான் சொன்னேன், "டேய், காயில் கருகியிருக்குதுன்னா கரண்டு பத்தலைன்னு அர்த்தம். நீ அத்தனை நாளும் கஞ்சி ஊத்தி ஊத்தி அதைச் சொத்தையாக்கிட்ட. நான் சோறு போட்டதும் செமிக்கலை. தப்பு உம்மேல." அவன் கருகினதை ஒரு தாளுல சுத்தி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

சம்யு, அந்தப் பூக்கூடையில கையை விடாத சாமி. எல்லாம் எண்ணி... சரி சரி, ஒரு கை எடுத்துக்க. ஒண்ணுதான்.

பொறவு புதுசா ஒரு சர்வோ போட்டான். அதே பழைய மாடல், அதுதான் இந்த வாலுக்குச் சேருமாமா. புது ரெகுலேட்டரும் போட்டான். போட்டுட்டு என்கிட்டச் சத்தியம் கேட்டானுங்க. இனிமே இதைக் கழட்ட மாட்டேன்னு சம்யு பாப்பா தலையில கை வெச்சுச் சொல்லுங்க மச்சான்னு. என்ர ஊட்டுக்காரி கோகிலா பக்கத்துல நிக்கறா. வெச்சேன், சொன்னேன். சொன்ன சத்தியத்தைக் காப்பாத்தினனுங்க. கழட்டலை. மூலனூர்ப் பக்கத்துக் கும்பாபிசேகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ரெகுலேட்டர் இருந்த இடத்துலயே இருக்கட்டும்னு விட்டுப்போட்டு, அதுக்குப் பக்கத்துலயே தனியா ஒரு ஒயரை ஓட்டி நேரா இணைப்புக் குடுத்தேன். அது பாட்டுக்கு அங்கயேதான் இருந்துச்சு. சத்தியத்துல எங்கீங்க பொத்தல்?

ஏன் பண்ணினேன்னா, கோயில் கோபுரமுங்க. அங்க மேல காத்து வேற மாதிரி அடிக்கும். கலசத்துக்கு மேல பூக் கொட்டறப்போ வாலு அலைஞ்சு கலசத்துல தட்டிருச்சுன்னா? அபச்சாரமுல்ல? அவனுக்கு அந்த ரோசனை வந்துச்சா? எனக்குத்தான் வந்துச்சு. எல்லாத்தையும் நான்தான் யோசிக்கோணும்.

அன்னைக்கும் மொதல்ல நல்லாத்தானுங்க போச்சு. கும்பத்துல தண்ணி ஊத்தறாங்க, சனம் கை தூக்கிக் கும்பிடுது, மேல இருந்து பூ. என்ர கண்ணுல தண்ணி வந்துருச்சு. திரும்பி வர்றப்போ வாலு கையை விட்டுருச்சு. நந்து உடனே மோட்டாரை நிறுத்திட்டான். நிறுத்தினா என்ன, ரெக்கை அதே வேகத்துல சுத்திட்டுத்தான இருக்கும். யாகசாலைப் பக்கம் பொம்பளைங்களும் குழந்தைங்களும் உக்காந்திருந்த பக்கமா இறங்குது. இவன் ரிமோட்டைக் கீழ போட்டுட்டு ஓடினான். ஓடிப் போய் அங்க நின்ன ஒரு புள்ளையத் தள்ளிட்டு, கையை இப்பிடி மேல தூக்கினான்.

வலது கை. கட்டைவிரல் மட்டும் இருக்குது.

நான் கேக்கறேன், ரிமோட்டைக் கீழ போடலாமா ஒருத்தன்? பைலட்டு ரிமோட்டைப் போட்டுட்டு ஓடினா மிசினு என்ன பண்ணும்? யாரு ஓடிப் போய் நடுவுல நிக்கச் சொன்னது? அந்தப் புள்ளைக்கு ஒரு கீறல் இல்லீங்க, சரி, அது நல்லதுதான். ஆனா மிசினு விழுந்து நந்துவுக்குக் கை போச்சுன்னு எல்லாரும் பேசறாங்களே, அவன் ஓடாம இருந்திருந்தா அவன் கை போயிருக்குமா? இதை யோசிக்கறவன் ஒருத்தன் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனனுங்க. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டுத்தான் போனேன். கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், "நேராக் குடுத்தீங்களா மச்சான்?" சீக்காப் படுத்திருக்கறவங்கிட்டப் போய் யாராச்சும் சண்டை போடுவாங்களா? பழத்தை உரிச்சு வாயில வெச்சேன். தின்னான். தின்னுட்டுச் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். ஒண்ணு சொல்லோணும், அவன் ஒருத்தர்கிட்டயும் என்னையப் போட்டுக் குடுக்கலை. போலீஸ் வந்து கேட்டதுக்கும் ஏதோ ரிப்பேருன்னு சொல்லிப்போட்டான். ஆனா என்ர ஊட்டுக்காரி இருக்கறாளே, அவ என்ர மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுட்டா. அழுகலை, கத்தலை. துணிமணியெல்லாம் கட்டினா. "எம்புள்ளைய அந்த மிசினுக்குக் கிட்டத்துல நான் ஒரு நாளும் பாக்கக் கூடாது"ன்னா. பாப்பாவைக் கையில புடிச்சுட்டுப் போயிட்டா. அவங்கப்பன் ஊட்டுலதான் இருக்கறா, அந்த நந்துவுக்குச் சோறு ஊட்டிட்டு. கட்டின புருசனுக்கு ஒரு வாய் காப்பி வெக்க ஆளில்லை.

நீங்களே சொல்லுங்க. இது அடுக்குமா?

என்ன சத்தமுங்களா? ஓ, இதா. பேச்சுவாக்குல பேட்டரியைச் சொருகிட்டேன், அதான். உசுரு வந்துருச்சு பாருங்க. ஙொய்ங்குன்னு கத்துதே, அது வாலு சர்வோதான். தெம்பா இருந்தா அப்பிடித்தான் கத்தும். ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டு நெறைய நெறையக் கொண்டாந்திருக்கறேன். புது சர்வோ. போன தடவை வந்தது டூப்ளிகேட்டுங்க, அதையும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இது ஒரிஜினல். வாலுல எலுமிச்சம்பழமும் கட்டியிருக்கறேன் பாருங்க, சின்னதாப் பாத்து, எடை கூடிறக் கூடாதுல்ல. காலையில கோயில் வாசல்ல பூசணிக்காயும் சுத்தி ஒடைச்சாச்சு. இனி எந்தக் கண்ணும் அண்டாது.

ரெகுலேட்டரா? இருக்குதுங்க, வண்டி டேஸ்போர்டுல கெடக்குது. எடுத்துட்டேன். அந்தச் சனியனைக் கூடவே வெச்சிருந்ததுதான் தப்புன்னு தோணுச்சு.

என்ன சாமி? சுடுதா? எங்க, தள்ளு. அட, மோட்டாருன்னா சுடத்தான் செய்யும். சோலி பாக்கறவன் உடம்பு சுடாம இருக்குமா? கையை எடுத்துக்க. ஊதிக்க. ஒண்ணுமில்லை.

ஏனுங் எந்திரிச்சுட்டீங்க? வாசமா? அது சாம்பிராணிங்க, பந்தல்ல போடறாங்க. எனக்குத் தெரியாத வாசமா? இல்லீங்க, இது சாம்பிராணிதான். வேணும்னா... சரி, விடுங்க.

அந்த ரெகுலேட்டரை எடுத்து மாட்டச் சொல்றீங்களா. நீங்களுமா? நான் இத்தனை நேரம் எதுக்குங்க சொன்னேன்? உங்களுக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்? இதை இப்பப் பிரிச்சு மாட்டி ஒட்ட வெக்கறதுக்குள்ள நல்ல நேரம் போயிரும். ஆசாரி வந்துட்டாரு, மைக்குல கூப்பிடறாங்க கேக்குதா? மாமன் மடிக்கு மாமன் வரலைன்னா உங்க அக்கா மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? ரொம்ப நாளாப் பேச்சுவார்த்தை இல்லாம இருந்து இப்பத்தான் சேந்திருக்கறீங்களாமா, உங்க மச்சான் சொன்னாரு. ஒரு பூவுக்காக மறுபடியும் ஒறம்பரை சொந்தத்துக்குள்ள மனஸ்தாபம் எதுக்குங்க? போய் உக்காருங்க. பாப்பாவை மடியில வெச்சுக்கங்க. நான் நேரா உங்க தலைக்கு மேல நிறுத்தறேன். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நான் இறக்கற வரைக்கும் அசையக் கூடாது.

ஏன், நான் விட மாட்டேனா? நந்து பின்னால நின்னு பாத்துப் பாத்துப் பழகினவன்தான் நானும். நேத்துக் காட்டுல ஒருக்கா தூக்கி இறக்கினேன், ஒண்ணும் ஆகலையே!

போய்ச் சொல்லுங்க, உங்க மச்சான்கிட்டத் தாராளமாப் போய்ச் சொல்லுங்க. அவர் கேக்கவா போறாரு? வீடியோக்காரருக்குச் சொல்லி, கேமராவெல்லாம் வெச்சாச்சு. போங்க. ஏனுங், அந்தப் பக்கம் எங்க போறீங்க? மணை இருக்கறது இந்தப் பக்கமுங்க. ஏனுங்! வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடறாரு பாரேன். காதுல வாங்காமப் போறாரு.

பாத்தியா சம்யு? இவ்வளவு நேரம் மனுசன்னு நெனச்சு மனசு விட்டுப் பேசினேன். அங்க பாரு, அவங்க அக்காகிட்ட இருந்து புள்ளையப் புடுங்கித் தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள போறாரு. அந்தம்மா கத்தறாங்க, அவர் கேக்கலை. தூ, பயந்தாங்கொள்ளி. இப்ப மத்தவங்களையும் கையப் புடிச்சு இழுத்து உள்ள தள்ளறாரு. பாட்டிமாருங்களைக் கூட விடலை. எல்லாரும் ஆட்டுமந்தையாட்ட உள்ள போறாங்க பாரு. உங்க நந்து மாமனும் அப்பிடித்தான், உங்கம்மாளும் அப்பிடித்தான். அப்பன் பேச்சை ஒருத்தர் நம்ப மாட்டாங்க.

போனாப் போகட்டும். கூலிக்கு மாரடிக்க வந்தவனா நான்? வந்தாச்சு, பூவும் ஏத்தியாச்சு, பறக்க விடாமப் போனா நாளைக்கு ஊரு என்ன பேசும்?

ஏ, பாரேன். சத்தம் நின்னுருச்சு.

இவ்வளவு நேரம் ஙொய்ஙொய்ன்னு கத்திட்டு இருந்துச்சே, இப்பக் கேக்குதா உனக்கு? கேக்கலை இல்ல? எனக்கும் கேக்கலை. அடங்கிருச்சு. அதுக்கும் அந்த ஆளைப் புடிக்கலை, அவர் போனதும் சாந்தமாயிருச்சு பாரு. உங்க நந்து மாமன் ஒவ்வொரு தடவையும் கெளப்பறதுக்கு முன்னாடி ஆரத்தி சுத்தற மாதிரி வாலை இடதுக்கும் வலதுக்கும் ஆட்டி ஆட்டிப் பாப்பான். எனக்கு அந்தச் சந்தேகப் புத்தியெல்லாம் கெடையாது. நம்பினா முழுசா நம்போணும்.

என்னங்க? வீடியோ தம்பி கத்தறாரே. என்னப்பா? வெறும் மணையில பூ விழுந்தா வீடியோ நல்லா இருக்காதா? ஆமா, அதுவும் வாஸ்தவம்தான். யாராச்சும் உக்காரோணும்.

சம்யு, இங்க வா சாமி. பாவாடையத் தட்டி விட்டுக்க, தூசி. கையில இருக்கற பூவைக் கீழ போட்டுரு, அப்பன் நெறையப் போடறேன். அந்த மணை தெரியுதா, மாவுக் கோலம் போட்டு வெச்சிருக்கறாங்களே, அது மேல போய்ச் சம்மணம் போட்டு உக்காரு. ஓடு. பயமா? அப்பன் இருக்கறப்போ என்ன பயம்?

ஆ, அப்பிடித்தான். இன்னும் கொஞ்சம் நடுவுல. மைக்குல யாரோ என்னமோ கத்தறாங்க, அதையெல்லாம் கேக்காத. இந்த விசிறிச் சத்தத்துல எனக்கும் ஒண்ணும் கேக்காது இனிமே. கையை விரிச்சு வெச்சுக்க. கண்ணை மட்டும் மூடிக்காத சாமி, மேலயே பாத்துட்டு இரு. அசையாத.